அடித்தரைக்கு ஆறு மீசைக்காரர்கள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பாத்திரக் கடை. வாங்க வந்தவர் குடத்தைத் தட்டிப் பார்ப்பதற்குள் நான் நாலு குடத்தைத் தட்டிப் பார்த்துவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஆறடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வந்து சேர்ந்தது. மீன் வளர்த்தால் மனசு அடங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் வளர்ந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொட்டி நான் வாங்கியதல்ல. எங்கள் மாடியில் குடியிருந்த அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, லாரியில் ஏற்ற முடியாது என்று அதை மீன்களோடு விட்டுவிட்டுப் போனார். டெட்ரா என்கிற பொடி மீன் ஒரு கூட்டம், நாலு ஏஞ்சல், இரண்டு நீலக் கௌராமி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையில்லாத நத்தைகள்.

நாங்கள் சமணர்கள். எறும்பு மொய்த்த சர்க்கரை டப்பாவை வெயிலில் வைத்து, கடைசி எறும்பு விடைபெறும்வரை காபியைத் தள்ளிப்போடுகிற வீடு. அதனால் தொட்டி கூடத்துக்கு வந்த அன்றே என் மனைவி முகம் மாறிவிட்டது.

"உசுரை அடைச்சு வச்சி வேடிக்கை பாக்கறதே பாவங்க."

"ஏரியில விட்டுடலாமா?"

"விட்டா கொக்கு தின்னுடும். அதுவும் நம்ம தலையிலதான்."

இரண்டு பாவத்தில் சின்னது எது என்று யோசித்து, தொட்டியை அடைக்கலம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம். தீனி போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அதிகாரி விட்டுப்போன தீனி டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யக் கூடாத காரியங்கள் சில உண்டு.

ஒரு மாதத்தில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. மேலே கௌராமி, நடுவில் டெட்ராவும் ஏஞ்சலும் என்று இரண்டு மாடி நிறைந்திருக்க, தரைத்தளம் காலி. தின்றது போக விழுந்ததெல்லாம் கற்களுக்கிடையே போய் அழுகியது. அடியில் மேய்கிற மீன் வாங்கிப் போட்டால் கூட்டிப் பெருக்கிவிடும் என்று முடிவுகட்டி, திண்டிவனத்தில் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். என் தேவையைக் கேட்டுவிட்டு, "துப்புரவுக்கு ஆள் எடுக்கிற மாதிரி கேக்கறீங்களே அண்ணா. அதுங்களுக்கும் வயிறு இருக்குது" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். நான் பலமாகத் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. விவரம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் சொன்னேன். எங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இப்படி விசாரித்ததில்லை. முதல் வரன், வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வரும், முழங்கை நீளத்துக்கு வளரும், பெரிதானதும் தூங்குகிற ஏஞ்சலின் உடம்பையே நக்கித் தோலை உரிக்கும். வேண்டாம். அடுத்தது, கறுப்பு உடம்பும் சிவப்பு வாலுமாக அழகான ஒன்று. ஆனால் தரை முழுவதும் தன் பட்டா என்று நினைக்கும் சுபாவம். இன்னொன்று எட்டிப் பார்த்தால் விரட்டி விரட்டி அடிக்கும். வேண்டாம். பெரிய கெளுத்தி வகை, வாய்க்குள் நுழைவதையெல்லாம் விழுங்கும். டெட்ரா தாராளமாக நுழையும். பட்டை போட்ட லோச் மீன் ஒன்று, நத்தையை ஓட்டிலிருந்து உறிஞ்சி எடுக்குமாம். "நத்தைத் தொல்லையே இருக்காதுங்கிறார்" என்று நான் உற்சாகமாகச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையில், உறிஞ்சப்பட்ட நத்தை நானே என்று உணர்ந்தேன்.

கடைசியில் தேறியது கோரி என்கிற குட்டிக் கெளுத்தி. கட்டைவிரல் அளவுதான். சண்டை கிடையாது. அடுத்தவரைக் கடிக்கிற வாய் இல்லை. வாயோரம் மெல்லிய மீசை. அதனால் மணலைத் தடவித் தடவி, தலையைக் குனிந்துகொண்டே நடக்கும். புழு பூச்சியை மிதித்துவிடாமல் தரையைப் பார்த்து நடக்கும் எங்கள் துறவிகள் நினைவுக்கு வந்தார்கள். இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் சேர்ந்து திரியும் என்பதால் ஆறு.

சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது.

"இருந்ததுங்க தானா வந்து சேந்துச்சு. இதுங்கள நாம போயி கொண்டாறோம். இதுல ஒண்ணு போனாலும் தொட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அவள் சொல்லிட்டேன் என்றால் அது சாசனம். எனக்கோ அதற்குள் தொட்டி மேல் பைத்தியம் பிடித்திருந்தது. கடையில் இருக்கும்போது வீட்டு ஞாபகம், வீட்டில் தொட்டி ஞாபகம், தொட்டி முன்னால் உட்கார்ந்தால் ஃபில்டர் ஞாபகம்.

மீசை தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அடியில் இருந்த கூர்ங்கற்களை அள்ளிவிட்டு மணல் பரப்பினேன். பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய மணல். வாளியில் போட்டு ஒன்பது முறை அலசினேன். ஒன்பதாவது வாளியில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் நானும் குனிந்தபடிதான் நடந்தேன். ஆறு கோரிகளும் வந்தன. தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்கு அடியில் போய் ஒளிந்தன. அவை வெளியே வருகின்றனவா என்று பார்க்க நான் கண்ணாடியில் மூக்கை வைப்பேன். என் மூக்கைக் கண்டு அவை இன்னும் உள்ளே போகும். உள்ளே போய்விட்டனவே என்ற பதைப்பில் டார்ச் அடிப்பேன். "அதுங்களுக்கு நீங்கதாங்க கொக்கு" என்றாள் அவள்.

இருட்டில் பூச்சி புழு விழுந்து சாகும் என்று எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு கிடையாது, சாப்பாடு கிடையாது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கூடத்தில் நின்று, "சாப்பிடறவங்க இப்பவே சாப்பிட்டுடுங்க" என்று பொதுவாக அறிவிப்பாள். கேட்பவன் நான் ஒருவன்தான் என்றாலும் பந்திக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். அந்தக் கையோடு தொட்டியிலும் தீனி விழும். தொட்டி விளக்கை எட்டரைவரை எரியவிட்டு நான் வேடிக்கை பார்ப்பேன். ஒரு பருக்கைகூட அடியில் அழுகவில்லை, தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆறு பேரும் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். இட்லிப் பானை கேட்டு வந்த ஒருவர் கோரியைப் பற்றித் தெரிந்துகொண்டு, இட்லிப் பானையை மறந்துவிட்டுப் போனார். கோரிகளின் வயிறு கொஞ்சம் உள்வாங்கினாற்போல் இருந்ததைக் கவனித்தேன். எங்கள் வம்சமே ஒல்லி வம்சம், நம்மிடம் வந்தது நம்மைப்போல் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு அமாவாசையன்று மனைவி காலை முதல் பஸ்ஸில் மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள். கடை திறக்கக் கிளம்பியவன், வழக்கம்போல் எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஆறாவது மல்லாந்து கிடந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். செம்பருத்திச் செடித் தொட்டியில் புதைத்தேன். மண்ணை மட்டப்படுத்தினேன். சந்தேகம் வராமலிருக்கத் தண்ணீர் ஊற்றினேன். வியாபாரம் நடக்கிற அமாவாசை நாளில் கடையைத் திறக்காமல், அதே அளவில் அதே புள்ளியோடு இன்னொரு கோரி வாங்கிவந்து, அவள் வருவதற்குள் ஆறாக்கிவிடத் திண்டிவனம் பஸ் ஏறினேன். ஐம்பத்திரண்டு வயது ஆள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, "எத்தினி போச்சு?" என்றார்.

"ஒண்ணுதான். அதே மாதிரி ஒண்ணு குடுங்க. கையோட போவணும்."

"எதால போச்சு?"

"தெரியல. மெலிஞ்சிருந்துச்சு."

"எத்தினி மணிக்கு தீனி போடறீங்க?"

"அஞ்சரைக்கு."

"லைட்டு?"

"எட்டரை வரிக்கும் எரியும்."

அவர் கைவேலையை நிறுத்தினார். "மணல் போட்டதும் தீனி சந்துல போகாம மேலயே கெடக்குமா? அத பொறுக்க மேல இருக்கிற கூட்டம் கீழ வந்துடும். வெளிச்சத்துல ஏஞ்சல் முன்னாடி இதுங்க பேச்சு எடுபடாது, அண்ணா. அதான் தண்ணி சுத்தமா இருந்துச்சு. லைட்ட ஆஃப் பண்ணிட்டு, மேல இருக்கறதுங்க அடங்கினப்பறம், அடியில போற தீனியா போடணும்."

"பொழுது போனா எங்க வீட்ல யாரும் சாப்பிடறதில்லீங்க."

"நீங்க சாப்பிடாதீங்க. அதுங்க இன்னா பண்ணுச்சு?"

விரதம் எடுத்தது நாங்கள். பட்டினி கிடந்தது அவை. அதை ஒரு மாதமாக, டார்ச் வேறு அடித்து, வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"சரி, ஒண்ணு குடுங்க" என்றேன் சின்னக் குரலில்.

"தர மாட்டேன். மொதல்ல இருக்கிற அஞ்சுக்கு சோறு போடுங்க."

அடியில் மூழ்குகிற தீனி வில்லைப் பொட்டலம் ஒன்றை மட்டும் கையில் திணித்தார்.

திரும்பும்போது மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த சிறப்புப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. என் பஸ் ஓர் ஆள் நீளம் நகரும், நிற்கும். பக்கத்தில் நின்ற அம்மா, "அம்மனைப் பாக்கவா?" என்றார். "இல்லம்மா, வீட்டு அம்மாவைப் பாக்க" என்றேன். அவர் சிரித்தார். வீட்டில் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் சொல்லாமல் இருட்டில் தீனி போட முடியாது. தீனி போடாவிட்டால் ஐந்து நாலாகும். செஞ்சி மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பஸ் நிலையம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. ஓடினேன்.

அவள் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "கடை ஏன் பூட்டிக் கெடக்குது?" என்றாள்.

நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். செம்பருத்தித் தொட்டி உட்பட. அவள் போய்த் தொட்டிக் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் வேட்டி முனையை முறுக்கினேன், பிரித்தேன், மறுபடி முறுக்கினேன்.

"அஞ்சரைக்கு எங்கையாலதான் போட்டேன்" என்றாள். "போட்டுட்டு உள்ள போயிடுவேன். யாரு தின்னாங்கன்னு ஒருநாளும் நின்னு பாக்கல."

"நான் நின்னுதான் பாத்தேன். எனக்கே தெரியல."

"நீங்க மீனையா பாத்தீங்க? தண்ணியத்தானே பாத்தீங்க."

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "சொன்னா சொன்னதுதான். தொட்டி போயாவணும்" என்றாள். "அந்தக் கடைக்காரரு நல்லவரா தெரியறாரு. அவருகிட்டயே குடுத்துடுங்க. ஆனா வயிறு ஒட்டிக் கெடக்கறத இப்பிடியே அனுப்பக் கூடாது. தேறட்டும், அப்பறம்."

எழுந்து போய் அவளே விளக்கை அணைத்தாள். "நான் போட மாட்டேன். இருட்டுல எங்கையால ஆகாது. நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஏஞ்சல்கள் அசைவில்லாமல் நிற்கும்வரை காத்திருந்து நாலு வில்லைகள் போட்டேன். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுந்தது. எழுந்திருக்கக் கூடாது, இருமக் கூடாது, மூக்கை வைக்கக் கூடாது. வாழ்க்கையில் நான் சும்மா உட்கார்ந்த மிக நீளமான நேரம் அதுதான். கட்டைக்கு அடியிலிருந்து ஒரு மீசை வந்தது. அப்புறம் இன்னொன்று. கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அஞ்சும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

இது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. கடைக்காரர் வண்டி அனுப்பட்டுமா என்று இரண்டு முறை போனில் கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் நான் அவளைக் கேட்பேன். அவள் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, கண்ணாடி வழியே ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பொழுதெல்லாம் தின்றுகொண்டே இருந்ததுபோல் உருண்டு திரண்டு, வயிறு மணலில் இழுபட நகர்ந்துகொண்டிருக்கும் அவை.

"இன்னும் தேறலியே" என்பாள். "அடுத்த மாசம் பாக்கலாம்."