பைபாஸ் ரெஜிஸ்டரில் ஒரு காலிக் கட்டம்

“…நான் எழுதுனாலும் என் பேரு, நீ எழுதுனாலும் என் பேரு. எவன் எழுதுனாலும் அதுல என் பேருதானே தம்பி வரப்போகுது?” என்று கேட்டுவிட்டு, அண்ணன் நாற்காலியைக் கண்ட்ரோல் ரூம் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அப்படித் திரும்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

காலை எட்டு மணி. பத்து மணிக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் எங்களுடையது சின்ன கெமிக்கல் தொழிற்சாலை. நான் அங்கே சேஃப்டி ஆபீசர். ஹெல்ப்பராக வந்து, தொழிலாளர் கேம்ப் கட்டிலில் படுத்தபடி படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை பரீட்சை பாஸாகிப் பச்சை ஹெல்மெட் வாங்கியவன். அண்ணன் பேனல் ஆபரேட்டர், திரையில் டேங்க் அளவுகளைக் கவனிப்பவர். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். உறவு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

எங்கள் வாக்குவாதம் ஒரு கம்பியைப் பற்றியது. வெளியே ஆசிட் டேங்க் ஒன்று நிற்கிறது. லாரியிலிருந்து அதில் ஆசிட் ஏற்றும்போது, அளவு மேலே வந்தால் பம்பைத் தானாக நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. கோடையில் கடல் பக்கத்து ஈரக்காற்று அந்தச் சுவிட்சுப் பெட்டிக்குள் புகுந்துவிடும். டேங்க் பாதிகூட நிறைந்திருக்காது, பம்ப் நின்றுவிடும். லாரிக்காரர் “யல்லா பாய், ஜல்தி!” என்று ஹார்னை அழுத்துவார். இதற்கு வைத்தியமாக எட்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு துண்டுக் கம்பியைச் சுவிட்சுக்குக் குறுக்கே கட்டிவிட்டார்கள். அதன்பின் சுவிட்ச் என்ன சொன்னாலும் பம்ப் கேட்காது. அண்ணன் திரையில் அளவைக் கண்ணால் பார்த்து, எழுந்துபோய்க் கையால் பம்பை நிறுத்துவார்.

இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் காலையில் கம்பியைக் கழற்றுவார்கள். சுவிட்ச் சமர்த்தாகப் பம்பை நிறுத்திக் காட்டும். வந்தவர் கையெழுத்துப் போட்டுப் போனதும் கம்பி பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மனிதர்கள் பேச்சுவாக்கில் சொல்வதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பது என் பழக்கம். அந்தக் கம்பியைப் பற்றி அண்ணன் சொன்னதும் அதில் இருக்கிறது: “அவன் வீட்டோட மாப்பிள்ளைடா. எல்லா வேலையும் பாப்பான். விருந்தாளி வந்தா மட்டும் உள்ரூமுக்குப் போயிருவான்.” நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு இன்ஸ்பெக்‌ஷனை ஓட்டியும் விட்டேன். அது என் தவறு.

போன வியாழக்கிழமை சிரிப்பு நின்றது. டேங்க் நிறைந்துகொண்டிருந்த நேரத்தில் மேனேஜர் ஃபோனில் உற்பத்திக் கணக்குக் கேட்டிருக்கிறார். அண்ணன் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், விளிம்புக்கு நாலு விரல்கடைதான் பாக்கி. ஓடிப்போய் நிறுத்திவிட்டார். சாயங்காலம் கேம்ப் பஸ்ஸில் என் காதருகே சொன்னார்: “கீழ ரெண்டு பேரு பைப்புக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தானுவ தம்பி. பெங்காலிப் பயலுவ. அவனுவ பேருகூட எனக்குத் தெரியாது.”

சட்டம் நாம் நினைப்பதைவிட நியாயமானது. சுவிட்சைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்து ஓட்டலாம், அதற்கு வழி உண்டு. ஏன், எதுவரை, அந்தச் சுவிட்சுக்குப் பதிலாகக் காவல் நிற்பது யார் என்று பைபாஸ் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். மறைப்பதுதான் குற்றம். எங்கள் ரெஜிஸ்டரோ கடையில் வாங்கியபடி வெள்ளையாக இருந்தது. ஈரம் புகாத புதுப் பெட்டி கேட்டு நான் மூன்று முறை எழுதியிருந்தேன். “ரெக்கார்டில் ஒரு புகார்கூட இல்லையே, சுவிட்ச் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். அவர் தாளைப் பார்த்துப் பேசுகிறவர். தாளை வெள்ளையாக வைத்திருந்தது நாங்கள்.

அதனால்தான் அன்று காலை சொன்னேன்: “அண்ணே, இன்னைக்கு மாப்பிள்ளை ஹால்லயே உக்காரட்டும். கழட்ட வேணாம். எழுதிருவோம்.”

அண்ணனுக்கு அடுத்த மாதம் அறுபது முடிகிறது. அதற்குமேல் விசாவை நீட்டிக்க வேண்டுமானால் கம்பெனி கேட்க வேண்டும். அந்தத் தாள் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஊரில் மகன் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். இந்த நேரத்தில் ரெஜிஸ்டரில் பெயர் விழுந்தால்?

“உனக்கென்னப்பு, சின்ன வயசு. இந்த கேட் மூடுனா அடுத்த கேட்டு. எனக்கு ஏர்போர்ட்டுதான்” என்றார், திரும்பாமலே.

“தெரிஞ்சும் வாயைத் திறக்காதவன் நான். முதல் கையெழுத்து என்னோடது. உங்க பேரை நான் எழுத மாட்டேன்.”

எழுதினேன். எந்தச் சுவிட்ச், எத்தனை வருடமாக, என்ன கோளாறு, எனக்கு எப்போது தெரியும். கையெழுத்துப் போட்டேன். காவல் நிற்பவர் பெயருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். பிறகு கம்பியில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவந்தேன்.

மேனேஜரிடம் சொன்னபோது மனிதருக்கு ஏசியிலும் வியர்த்தது. “இன்றைக்கேவா? இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து கலாஸ் ஆகட்டும், அப்புறம் எழுது.”

“சார், எட்டு வருஷமா ஒரு தும்மல்கூட வராத குழந்தைன்னு சொன்னா எந்த டாக்டர் நம்புவார்? வெள்ளை ரெஜிஸ்டரைக் காட்டினாத்தான் சந்தேகம் வரும்” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரை வரவேற்கக் கேட்டுக்குக் கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் இந்த நாட்டுப் பெண். கறுப்பு அபாயா அங்கிக்குக் கீழே சேஃப்டி ஷூ. கண்ட்ரோல் ரூமுக்குள் வந்ததும் முதலில் கேட்டதே ரெஜிஸ்டரைத்தான். என் பக்கத்தை இரண்டு முறை படித்தார். டேங்க் மேலே ஏறிக் கம்பியையும் அட்டையையும் பார்த்துவிட்டு இறங்கிவந்தார். முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. காலிக் கட்டத்தில் விரலை வைத்து, “இங்கே யார்?” என்று கேட்டார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். “நோபடி, மேடம். இனிமேல்தான் ஆள் போட வேண்டும்.”

“காவலுக்கு ஆளே இல்லாமல் எட்டு வருடமா? அப்படியானால் இந்த டேங்கை இப்போதே பூட்ட வேண்டியிருக்கும்.”

அண்ணனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் அந்த ‘நோபடி’ புரிந்துவிட்டது. எட்டு வருடமாக அந்த டேங்கை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்த மனிதர், ஒரே ஒரு வியாழக்கிழமையைத் தவிர. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வற்புறுத்துவதுபோல ஆகிவிடும். நாற்காலி திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் எழுந்து வந்தார். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். மேனேஜரைத் தாண்டிக் குனிந்து, காலிக் கட்டத்துக்குள் அடங்காத பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினார். பேனாவை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. அடுத்த வரிக்குப் போய், போன வியாழக்கிழமையின் தேதியைப் போட்டு, நடந்ததைத் தமிழிலேயே எழுதத் தொடங்கினார்.