ஐந்து முறையும் அதே விடை

கணக்கு வீட்டுப்பாடத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் திருத்துகிறது. கேள்வியையும் விடையையும் நான் ஏற்றிவிட்டால் போதும். மாணவர்கள் விடையைத் தட்டுவார்கள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒரு கேள்விக்கு ஐந்து வாய்ப்பு. புனேயில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கல்லூரியில் எனக்கு மூன்று வகுப்புகள். போன வருடம் முழுக்க, “கம்ப்யூட்டர் தப்பு காட்டுது மேடம்” என்று ஆளாளுக்கு வந்து உயிரை எடுத்தார்கள். அதனால் இந்தப் பருவத்தில் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன்: சிவப்பு வந்தால் என்னிடம் வராதீர்கள், போய் மறுபடி போடுங்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு, போபோடி பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு படிவத்தை நீட்டினாள். வகுப்பில் என்னோடு தமிழ் பேசுகிறவள் அவள் மட்டும்தான். கணக்கை விட்டு வேறு பாடத்துக்கு மாறுகிறாளாம். அன்றுதான் கடைசி நாள். ஆபீஸ் கவுண்டரை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

“ஏம்மா?”

“போதும் மேடம். எத்தனை தடவை போட்டாலும் தப்பாவே வருது. எனக்கு மேத்ஸ் வராது.”

எனக்குத் தலைக்கு மேல் வேலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அவளுடைய வீட்டுப்பாடத்தைத் திறந்தேன். ஏழாவது கேள்வி, இன்டக்ரேஷன். ஐந்து வாய்ப்பிலும் ‘பை’ (π) என்ற ஒரே விடை, ஐந்தும் சிவப்பு. என்ன பிடிவாதம் இது என்ற எரிச்சலோடு காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன். பை வந்தது. திரும்பவும் போட்டேன். பைதான். நான் ஏற்றியிருந்ததோ மைனஸ் பை.

மற்றவர்களுடையதைப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் முதலில் பை என்றுதான் போட்டிருந்தார்கள். சிவப்பு வந்ததும் ஒரு மைனஸைச் சேர்த்து, பச்சை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சத்தமில்லாமல் திருத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன், பொய் சொல்வானேன். அந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? மணி பன்னிரண்டு ஐம்பது ஆகியிருந்தது.

மூன்று மாடியும் ஓடியே இறங்கினேன். கவுண்டரில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எல்லோரும் பார்க்க, அவள் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கினேன்.

“உன் விடை சரிம்மா. நான்தான் தப்பா ஏத்திட்டேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வரிசையை விட்டு விலகி வந்து, நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அதே கணக்கை எட்டு முறை போட்டிருந்தாள். எட்டு முறையும் சரி.

“இதை ஏம்மா எங்கிட்ட கொண்டு வரலை?”

“ரெண்டு நாள் ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன் மேடம். சிவப்பு வந்தா வராதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”