உரைத்த காசு

அப்பாவைப் புகழ்ந்து எழுதுவேன் என்று நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். பார்சல் ஆபீசில் மூட்டை எடைபோடும் குமாஸ்தா அவர். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகும். ஆசை மட்டும் ஆயிரம் வருஷத்துப் பொற்காசுகள் மேல். ஞாயிறானால் காசு சேர்ப்பவர்கள் சங்கத்துக்குப் போய், அடுத்தவர் காசுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புவார். அங்கே அவருக்குப் பெயர் 'வெறுங்கை ராஜா'.

அந்தப் பெயர் பொறுக்காமல்தான் ஒருநாள் அம்மாவின் சங்கிலியைக் கேட்டார். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே நகை. நாலு பவுன்.

"காசு விலை ஏறட்டும். வித்து இதைவிடக் கெட்டியா ஒண்ணு வாங்கித் தரேன்."

அம்மா கழற்றிக் கொடுத்தாள். வந்து சேர்ந்தது அரைப் பவுன் எடையில், கட்டைவிரல் நகமளவு காசு. ஒருபக்கம் குதிரைமேல் ராஜா. பழைய காசில் ஒரு கீறல் விழுந்தால் விலையே போச்சு என்று பாடம் எடுத்து, எங்களைத் தொடவே விடமாட்டார்.

ஆறு மாதம் கழித்துச் சங்கத் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் பளபளவென்று ஒரு தேய்ப்பு.

"அடப்பாவமே! அசல் காசுய்யா. எவன் இதை உரைகல்லுல தேய்ச்சான்? இனிமே இதுக்கு வெறும் தங்க விலைதான்."

அப்பா வெளிறிப்போய் எங்கள் பக்கம் திரும்பினார். "எவ பார்த்த வேலை இது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க. சங்கிலியைக் கொடுத்தேனே, நிஜத் தங்கம்தானான்னு..."

அதோடு தீர்ந்தது அவள் மானம். பதினொரு வருஷம்! வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காரச் சொல்லும் முன்பே, "லட்சம் பெறுமான காசை நாசமாக்கின மகராசி இவதான்" என்று அறிமுகம் செய்துவைப்பார். சங்கிலிப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை, எடுக்க வாயேது? நான் மட்டும் சும்மா இருந்தேனா? "என் கம்மலையாவது உரைக்காம விடும்மா" என்று சிரித்திருக்கிறேன். சே, நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். காசை உருக்கி அம்மாவுக்கு மெல்லிசாக ஒரு சங்கிலி செய்துபோடலாம் என்று கடைத்தெரு நகை ஆசாரியிடம் கொண்டுபோனேன். விளிம்பைப் பார்த்ததுமே அவர் சிரித்தார்.

"இது என் கல்லுல உரைச்ச காசாச்சே! வாங்கின வாரமே உங்கப்பா கொண்டாந்தாரு. வேணாம் சார், காசு கெட்டுடும்னேன். 'ஏமாந்துட்டேனான்னு தெரிஞ்சாகணும்யா, லேசா உரை'ன்னாரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். யாருக்கோ கொடுப்பதற்காக அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. அப்பவே அவர் சட்டைப்பையில, காசு உரைச்சதுக்கு ஆசாரி கொடுத்த சீட்டு இருந்துச்சு."

"பின்னே எதுக்கும்மா நீ ஏத்துக்கிட்டே?"

"வெளி ஆளுங்க முன்னாடி மனுஷன் முழிச்ச முழி எனக்குத் தாங்கல. அவங்க போனதும், 'நீ இல்ல, நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நினைச்சேன்."

காலரை நீவிவிட்டாள்.

"கடைசி நாள் வரைக்கும் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். உதடு அசைஞ்சுது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். தண்ணிதான் கேட்டாரு."