பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் மழை நின்றால்கூட, ஏன் நின்றது என்று டோனா கிளெக் ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள். பிறவிக் குணம். புதிதாக வாங்கின பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் தேநீரில் ஊற்றுவாள். ஒருநாள் காதலன் பூங்கொத்தோடு வந்து நின்றான். "என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்டாள். அவனும் ஏதோ பண்ணித்தான் இருந்தான். அதற்குப் பிறகு அவளுடைய சந்தேகத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் அறுவை வார்டின் உதவியாள் அவள். படுக்கை மாற்றுவாள், குளிப்பாட்டுவாள், நோயாளியை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவாள். முப்பது தாண்டிய பிறகு, இனியாவது படித்து முன்னேறலாம் என்று இரண்டு படிப்புகளுக்கு மனுப் போட்டாள். ஒன்று நர்சிங். இன்னொன்று ஆபரேஷன் தியேட்டர் படிப்பு. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் பக்கத்தில் நின்று கைகொடுப்பது, சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது, நோயாளி கண் விழிக்கும்வரை கூட இருப்பது. இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எதை எடுத்துக்கொள்கிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

அம்மா மேவிஸுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. வார்டுக்கே தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சட்டையில் குத்திக்கொள்ளும் தன் பழைய நர்ஸ் கடிகாரத்தை மகளுக்காகத் துடைத்து வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி கேட்பாள்.

"நர்சிங்தானே கண்ணு?"

"ஆமாம்மா."

அந்த 'ஆமா'வைக் கேட்டதும் மேவிஸின் முகம் மலர்ந்துவிடும். பிறகு சாப்பாடு வரும்.

நடுவில் குட்டையைக் குழப்பியவன் டெரெக். தியேட்டரில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். வார்டுக்கு வரும்போதெல்லாம் சாக்லெட் பிஸ்கட் கொண்டுவந்து டோனா முன்னால் நீட்டுவான்.

"எங்க பக்கம் வந்துடு டோனா. உன்ன மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்."

"என்ன மாதிரி ஆள்?"

"எதையும் நம்பாத ஆள்."

இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தெரியாமல் டோனா அன்று முழுக்கப் பொருமினாள். அம்மாவிடம் சொன்னாள்.

"ஆள் கிடைக்கல அவங்களுக்கு," என்றாள் மேவிஸ். "கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடி வர ஒரு இளிச்சவாய் வேணும். சும்மா யாருடி பிஸ்கட் குடுப்பா? அங்க போனா நாள் பூரா தூங்கற ஜனத்தோடதான் குப்பை கொட்டணும். ஒருத்தரும் உன்ன ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க."

வார்டிலோ வேறு குறை. "போலீஸ்காரி மாதிரி முழிக்காத. சிரி. பேர் சொல்லிக் கூப்பிடு," என்று கண்டித்திருந்தார்கள். டோனாவும் பாவம், கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகியிருந்தாள்.

வியாழக்கிழமை மட்டும் தியேட்டரில் நின்று பார்க்க அனுமதி கேட்டு வாங்கினாள். கற்றுக்கொள்ள அல்ல. அவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான்.

காலையில் டெரெக் மயக்க மெஷினை ஒவ்வொரு குழாயாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து இத யாரு பாத்தா?"

"நான்தான்."

"அப்புறம் எதுக்கு மறுபடியும்?"

"பாத்தேன்னு நான்தானே சொல்றேன். அத எப்படி நம்பறது?"

தன்னை மயக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தாள் டோனா. முதலில் வந்த பஸ் டிரைவரிடம் டெரெக் பெயர் கேட்டான், பிறந்த தேதி கேட்டான், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று கேட்டான். இதையெல்லாம் டாக்டர் அப்போதுதான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"உங்கள்ல ஒருத்தருக்குமே ஞாபகசக்தி கிடையாதா?" என்றார் டிரைவர்.

அடுத்து சக்கரக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள். "பயந்திருப்பாங்க, கொஞ்சம் பேசிட்டிரு," என்று சொல்லிவிட்டு டெரெக் கை கழுவப் போனான். டோனா பட்டியலைப் பார்த்தாள். பழகி வைத்திருந்த சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீங்க மிஸஸ் விட்வொர்த்தானே?"

"ஆமா கண்ணு."

"இடது முட்டிதானே?"

"ஆமா கண்ணு."

டெரெக் திரும்பி வந்தான். "உங்க பேர நீங்களே சொல்லுங்க பாப்போம்."

"எட்னா பட்டர்வொர்த்."

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"குடலிறக்கத்துக்கு."

டெரெக் அவருடைய கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தான். பட்டர்வொர்த்தான். காலையில் யாரோ ஆபரேஷன் வரிசையை மாற்றியிருந்தார்கள், டோனாவின் கையில் இருந்தது பழைய பட்டியல்.

"அப்ப ஏன் ஆமான்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ அவ்வளவு ஆசையாச் சிரிச்சியே கண்ணு. இல்லேன்னா வருத்தப்படுவியேன்னுதான்."

இதுதான் எங்கள் ராச்டேல். ஓட்டலில் கல் மாதிரி இறைச்சி வந்தாலும், எல்லாம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிற ஜனம். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நல்ல முட்டியைக்கூடக் கொடுத்துவிடுவார்கள்.

டெரெக் திட்டவில்லை. "பதில நீயே குடுக்காத டோனா. குடுத்தா வாங்கிப்பாங்க," என்றான். "இப்ப மறுபடியும் கேளு."

அவள் மறுபடியும் கேட்டாள். அன்று வந்த எல்லோரிடமும் சிரிக்காமல், பெயர் சொல்லாமல், உங்கள் பெயரென்ன என்று கேட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓர் ஆள் மயக்கம் வரும்வரை அவள் கையை விடவே இல்லை. தன் சந்தேகம் ஒருத்தருக்காவது உபயோகப்படுகிறது என்று டோனாவுக்கு அன்றுதான் சந்தோஷமாக இருந்தது. டெரெக்கின் பிஸ்கட்டை மட்டும் அப்போதும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

சாயங்காலம் வீட்டில் மேவிஸ் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் அந்தக் கடிகாரம்.

"நாளைக்குச் சொல்லணுமில்ல? நர்சிங்தானே கண்ணு?"

'ஆமா' நுனிநாக்குவரை வந்துவிட்டது. டோனா அதை விழுங்கினாள்.

"அப்படிக் கேக்காதம்மா."

"எப்படி?"

"பதிலையும் சேத்துக் கேக்காத. என்ன படிக்கப் போறேன்னு கேளு."

மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கேட்கப் பிடிக்கவில்லை அவளுக்கு. ஆனாலும் கேட்டாள்.

"என்ன படிக்கப் போறே?"

"தியேட்டர்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்து, ஸ்விட்ச் தானாக அணைந்தது. மேவிஸ் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தன நாளா ஆமா ஆமான்னியே?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தேம்மா," என்றாள் டோனா. "இல்லேன்னா வருத்தப்படுவியேன்னுதான்."