பந்து திரும்பிவரும் சந்து

பின்பால் மெஷினில் பந்து எப்படியும் கீழே விழுந்துதான் தீரும். அதை எவ்வளவு நியாயமாக விழவைக்கிறான் என்பதில்தான் டிசைனரின் குணம் தெரியும் என்று அந்த நாட்களில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டிப்ளமோ முடித்த சூட்டில் நானும் பாலிடெக்னிக்கில் பக்கத்து பெஞ்சில் இருந்தவனும் ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு தகர ஷெட் பிடித்தோம். பெங்களூர் மால்களில் விளையாட்டுக் கூடங்கள் புதிது புதிதாகத் திறந்துகொண்டிருந்த காலம். சாய்ந்த கண்ணாடி மேஜை, உள்ளே ஓர் இரும்புப் பந்து, அதைத் தட்டி மேலே அனுப்பக் கீழே பட்டனை அழுத்தினால் அசையும் இரண்டு குட்டிக் கைகள். டிசைன் முழுக்க என்னுடையது. நண்பன் பாகலூர்க்காரன், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவான். அவனுடைய மாமா பட்டறையில் பலகைகளுக்குத் துளை போட்டு வாங்குவதும் மெஷினை ஏற்றி அனுப்புவதும் அவன் பொறுப்பு.

முதல் மெஷினை மாலில் இறக்கிய எங்கள் ஊர் ஃபிட்டர், லேத்தை நிறுத்துவதுபோல ரசமட்டம் வைத்துச் சாய்வே இல்லாமல் துல்லியமாக நிறுத்திவிட்டு, “தம்பி, பந்து உருளவே மாட்டேங்குது” என்று போன் செய்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

என் பாணி என்று ஒன்று உண்டென்றால் அது ஓரத்தில்தான் இருந்தது. மேஜையின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு சந்துகள். உள்சந்தில் விழுந்தால் பந்து கைக்குத் திரும்பிவரும், வெளிச்சந்தில் விழுந்தால் போயே போச்சு. இரண்டு சந்துக்கும் நடுவே ஒரு ரப்பர் முளை. சரியான நேரத்தில் மேஜையை இடுப்பால் லேசாக இடித்தால், போகவேண்டிய பந்து முளையில் பட்டு உள்ளே திரும்பும்படி வைத்திருந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து ஓசூரிலேயே தங்கிவிட்ட அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. நண்பன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தார்.

“காசு போட்டு ஆடுனா அதுக்குப் பேரு சூதாட்டம்தாம்ல.”

“இல்லப்பா. இதுல மெஷின் ஏமாத்தாது. பந்து போச்சுன்னா ஆடுனவன் தப்பு.”

“ஆமாங்கப்பா, இவன் டிசைன்ல ஏமாத்து வேலையே கெடையாது” என்றான் நண்பன், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

“சரி, வந்து பாக்கேன். நீ சொன்ன மாதிரி இருந்தா உன் இஷ்டம். இல்லன்னா எங்க கம்பெனில ட்ரெய்னியா சேந்துரணும்.”

புது மெஷின்கள் மாலில் போய் இறங்கியதும், அப்பாவின் வார விடுமுறையில் நானும் அவரும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். முதலில் கூச்சப்பட்டவர் பந்து மணிகளில் மோதி மேலே ஏறியதும், “அடிச்சேம் பாத்தியா!” என்று கத்தினார். பிறகு பந்து ஓரத்துக்கு வந்தது.

“இடிங்கப்பா!”

இடித்தார். நான்கூட அவ்வளவு சரியாக இடித்திருக்கமாட்டேன். பந்து முளையில் பட்டு வெளிச்சந்தில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பையன், “ஓரத்துக்குப் போனா அவ்ளோதான் அங்கிள், வரவே வராது” என்றான்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். “சரியாத்தானல இடிச்சேன்?”

“சரியாத்தாம்ப்பா இடிச்சீங்க.”

“அப்போ யாரு தப்பு?”

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். முளை நான் வரைந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி நின்றது. மேஜையின் கீழ்விளிம்பில் ‘டிசைன்’ என்று போட்டு என் பெயர்.

அன்று சாயங்காலமே ஷெட்டுக்குப் போனேன்.

“முளைய ஏன்டா தள்ளுன?”

“பாத்துட்டியா? மால்காரரு கேட்டாரு மச்சி. ஒருத்தனே நின்னு ஆடிக்கினு இருந்தா பின்னாடி நிக்கிறவன் போயிடுறானாம்.”

“எங்கிட்டச் சொல்லலாம்ல?”

“சொன்னா நீ ஒத்துக்குவியா? அதான் சொல்லல.”

“பழைய இடத்துலயே துளை போட்டுக் குடு.”

“ஜிக்கே மாத்தியாச்சு. மாமா ஹார்டனிங்கும் போட்டுட்டாரு.”

ஜிக் என்பது துளைக்கு வழிகாட்டும் இரும்புத் தகடு. அதில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, எல்லாப் பலகையிலும் அங்கேதான் விழும். தகட்டைக் காய்ச்சி இறுக்கி ஹார்டனிங் செய்துவிட்டால் பிறகு எந்த ட்ரில்லும் அதில் இறங்காது. சும்மா வைத்துப் பார்ப்போம் என்று யாரும் ஹார்டனிங்குக்கு அனுப்புவதில்லை.

“எப்போ போட்டீங்க?”

“உங்க வீட்டுல சாப்ட்டோமே, அதுக்கு மொத நாளு.”

கூச்சமே இல்லாமல் சொன்னான். அன்று ரசம் பிசைந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் பேரையாவது எடுத்துடு.”

“ஸ்டிக்கர் எல்லாம் அடிச்சாச்சுடா. பேரு நல்லாத்தான இருக்கு, இருந்துட்டுப் போவுது. அடுத்த டிராயிங் என்னைக்குத் தருவ?”

டிராயிங் என் பையில்தான் இருந்தது. எடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் முளை, ஜிக், மால்காரர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

“மெஷின்ல உன் பேருதானல இருந்துச்சு?” என்றார்.

திங்கட்கிழமை காலை, அப்பா கம்பெனியின் முதல் ஷிஃப்ட்டுக்கு அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.