தரைதட்டியின் மனைவி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுவிட்டுப் படகில் குடியேறிய ஜோடி என்று சொன்னால், கேட்பவர்கள் "கொடுத்துவைத்தவர்கள்" என்பார்கள். பச்சைப் படகின் டைப்பிஸ்ட் அம்மாளிடம் யாராவது அப்படிச் சொன்னால் அவள் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும். அவள் ஊர் சுற்றிப் பார்க்கவா கிளம்பினாள்? ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து, நாலு பேர் முன்னால் அவர் மூக்கை உடைக்கக் கிளம்பினாள். அது அவள் கணவருக்கே தெரியாது.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்தவள். கப்பல் வருகை, ஆள் மாற்றம், மாதாமாதம் ஒட்டும் நீர்மட்டப் பட்டியல் எல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். அழித்து அடித்த தாள் ஒன்றைக்கூட அவள் மேசையில் யாரும் பார்த்ததில்லை என்று அவளே சொல்வாள். ஒருமுறை சொன்னால் பரவாயில்லை, வாரம் ஒருமுறை சொல்வாள். கணவர் அதே துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பலை முட்டாமல் மோதாமல் கட்டி இழுத்துக் கரை சேர்க்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், தூர்வாரும் கப்பலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவருடைய படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. பின்னால் வந்த கப்பல் நிற்குமா? நேரே போய் இறங்குதுறையின் முனையை இடித்துத் தள்ளியது. ஆளுக்குச் சேதமில்லை, அதுவரை புண்ணியம். விசாரணையில் தப்பு முழுக்க ஓட்டியவர்மேல் விழுந்தது. படகை அவரிடமிருந்து பிடுங்கி, கயிறும் பெயின்ட்டும் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு ஒட்டியதுதான் அந்தப் பட்டப்பெயர். தரைதட்டி.

கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஓய்வு பெற்று, இத்தனை துறை தாண்டி வந்த பிறகும், எங்காவது ஒரு பழைய மாலுமி "அடடே, நம்ம தரைதட்டி" என்று கட்டிப்பிடிப்பான். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். இவளுக்கோ யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

"உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கேட்பாள்.

"பேருதானே. கூப்பிட்டுட்டுப் போறான், விடு."

விடுகிற ஆளா அவள். அவளுக்கு ஒன்று தெரியும். அன்றைக்கு அந்தப் படகில் துறைமுகக் கேப்டனும் இருந்தார். உள்ளே விடு என்று சொன்னது அவராகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து படகின் அன்றாடக் குறிப்பு எழுதும் லாக் புத்தகம் டைப் அடிக்க மேசைக்கு வந்தபோது, அந்தத் தேதிக்கான பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. எழுத்து கணவருடையது இல்லை, கேப்டனுடையது. தன் தப்பை மறைக்கப் பக்கத்தைக் கிழித்து, வேறு எழுதி, அவள் புருஷன் தலையில் கட்டிவிட்டார் என்று அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கணவரிடம் சொன்னாள். அவர் "பேசாம இரு" என்றார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள்.

படகு வாழ்க்கை என்றால் மேல்தட்டில் சாய்ந்து சூரியனைப் பார்ப்பது என்று நினைக்காதீர்கள். நீளவாக்கில் பதினோரு எட்டு வைத்தால் படகு முடிந்துவிடும். அடுப்பு நின்ற இடத்தில் திரும்பினால் முழங்கை கணவர் முதுகில் இடிக்கும். கழிவறைக்கு இருபது தடவை கைப்பம்பு அடிக்க வேண்டும். அவர் பதினைந்தோடு நிறுத்திவிடுவார், அதற்கு ஒரு சண்டை. துணி காயப்போட்டால் உப்பு ஏறிவிடும். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சகித்தது, ஒவ்வொரு துறையாகக் கேப்டனை விசாரித்துப் போகலாம் என்றுதான். "அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்காம்", "அங்க தண்ணி தெளிவா இருக்காம்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருடத்தில் கணவரை ஒரு விரிகுடாவுக்கு ஓட்டிவந்துவிட்டாள். கேப்டனும் ஓய்வு பெற்று, மனைவி காலமான பிறகு, தனியாக ஒரு வெள்ளைப் படகில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த விரிகுடாவில் ஒரு பழக்கம் உண்டு. நங்கூரம் போட்ட படகுகள் எல்லாம் காலை ஏழு மணிக்கு வயர்லெஸ்ஸைத் திறந்துவைக்க வேண்டும். நீலப் படகில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் வருகைப் பதிவு எடுப்பார். வகுப்பில் எடுப்பது போலவேதான். படகுகளுக்கு ஆயிரம் பெயர் இருந்தாலும் டீச்சர் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "மஞ்சள் படகு?" என்றால் "இருக்கோம், எல்லாரும் நலம்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் யாராவது துடுப்புப் போட்டுப் போய்ப் பார்ப்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய பம்பு கெட்டது, எல்லாம் அதில்தான். இருபத்தெட்டுப் படகும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் அது. கரையில் படகுத்துறை ஆபீசிலும் ஒரு ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருக்கும்.

ஒரு மைக், ஒரு பொத்தான், இருபத்தெட்டுப் படகுகளின் காதுகள். இதைவிட நல்ல நீதிமன்றம் எங்கே கிடைக்கும்?

காலையில் கணவர் கேன்களை எடுத்துக்கொண்டு கரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போவார். திரும்ப முக்கால் மணி நேரமாகும். முந்தின நாளே அவள் வெள்ளைப் படகுக்குப் போய், "சார், நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டீக்கு வாங்க, பழைய ஆளுங்க, பேசி எவ்வளவு நாளாச்சு" என்று தேனொழுகக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். வரும்போது அவளுக்கே தன் குரலைக் கேட்க அருவருப்பாக இருந்தது.

கேப்டன் சரியாக வந்தார். வயதாகிவிட்டது. ஏணியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். ஒரு கணம் அவளுக்குப் பாவமாக இருந்தது. உடனே அந்தப் பாவத்தை அடக்கி ஓரமாக வைத்தாள். வயர்லெஸ்ஸின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மைக்கைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் டீயை ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு துண்டுக்குள் கையை விட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த லாக் புத்தகத்துல ஒரு பக்கம் புதுசா இருந்துச்சே. அத யாரு எழுதினது?"

கேப்டன் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்ப எதுக்கும்மா அது?"

"தெரிஞ்சுக்கத்தான். நான் டைப் அடிச்ச புத்தகம். எழுத்து உங்களது."

"ஆமா."

"பழைய பக்கத்த என்ன பண்ணீங்க?"

"கிழிச்சுட்டேன்."

"கிழிச்சுட்டு, எங்க வீட்டுக்காரர் தப்புன்னு நீங்களே எழுதினீங்க."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "ஆமா. என் கையாலதான் எழுதினேன். அவர் தப்பு இல்லன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அந்த உறுத்தல் எனக்கு இன்னைக்கும் இருக்கு."

போதும். இதற்கு மேல் என்ன வேண்டும்? காது குளிர்ந்துவிட்டது அவளுக்கு. இனி அவள் முறை. பதினோரு வருடமாகச் சேர்த்துவைத்த வசவுகள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அதையெல்லாம் டீச்சர் காதில் விழவைக்க அவளுக்கு விருப்பமில்லை, அந்தம்மா மரியாதைப்பட்ட மனுஷி. பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

வெளுத்து வாங்கினாள். பதவிக்காக இன்னொருத்தர் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் என்றாள். ஸ்டோர் ரூமில் கயிறு எடுத்துக்கொடுத்து அவர் கூனிப்போனதைச் சொன்னாள். தரைதட்டி, தரைதட்டி என்று நாலு துறையில் நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார்களே, அதைக் கேட்டு உமக்குத் தூக்கம் வந்ததா என்றாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கேப்டன் வாயைத் திறந்தார்.

"அவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"அன்னைக்குப் படகுல இருந்த ஆளு ஒருத்தர், தண்ணி கம்மியா தெரியுதேன்னு சொன்னார். எனக்கும் சந்தேகம். உங்க வீட்டுக்காரர் நீர்மட்டப் பட்டியலப் பார்த்தார். ரெண்டு புள்ளி ஒண்ணு மீட்டர்னு போட்டிருந்துச்சு. 'இது எங்க வீட்டம்மா அடிச்சது சார், தப்பாது'ன்னு சொல்லிட்டு உள்ள விட்டார்."



"அப்புறம் நான், நீங்க பார்த்து அடிச்ச சர்வே ஆபீஸ் தாளோட வச்சுப் பார்த்தேம்மா. ஒண்ணு புள்ளி ரெண்டு. எண்ணு ரெண்டும் இடம் மாறியிருந்துச்சு. விசாரணைக்குப் போனா உங்க வேலை போயிருக்கும். அவர் என் கையப் பிடிச்சுக்கிட்டார். நான் பார்க்காம விட்டேன்னு எழுதிடுங்க, அவளுக்குத் தெரியவே கூடாதுன்னார். பட்டியல மாத்தினேன், பக்கத்தக் கிழிச்சேன். செஞ்சது தப்புதான். ஆனா அவர் கேட்டுச் செஞ்சேன்."

பொய் என்று கத்த வாயெடுத்தாள். கத்த முடியவில்லை. ஏனென்றால் அவள் கைக்குத் தெரியும். வேகமாக அடிக்கும்போது அவள் விரல்கள் எண்களை முன்பின்னாகத் தட்டப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் பிடித்துத் திருத்திவிடுவாள். அழித்து அடித்த தாளை யாரும் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கிழித்துப் போடுவாள். பிடிக்காமல் விட்டது ஒன்று இருந்திருக்கிறது.

கேப்டன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "வர்றேம்மா" என்று இறங்கிப் போனார். மைக் பற்றி அவருக்குத் தெரியாது. வழியிலேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் படகுக்காரர் மேல்தட்டில் நின்று, கிழவர் துடுப்புப் போட்டுப் போவதைப் பார்த்து, "கிழிச்சுட்டேனா? வெக்கமா இல்லையாய்யா?" என்று கேட்டார். கேப்டன் துடுப்பை நிறுத்தினார். பச்சைப் படகை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.  உண்மையைச் சொல்லி அந்த இடத்திலேயே அவள் மானத்தை வாங்கியிருக்கலாம். சொல்லாமல் தலையைக் குனிந்து துடுப்புப் போட்டார். இதைத்தான் அவள் இரண்டு வருடம் கடல் தாண்டி வந்து பார்க்க ஆசைப்பட்டாள். பார்த்தாள்.

கணவர் பாதிக் கேனோடு திரும்பி வந்தார். படகுத்துறை ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்புறம் என்ன சொன்னார்?"

"எல்லாத்தையும் சொன்னார்."

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். அன்றைக்கு முழுக்கப் படகுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் பழம் கொண்டுவந்தார், ஒருவர் கணவரின் முதுகில் தட்டி "உங்களைப் போய் என்னவெல்லாம் சொல்லிட்டோம்" என்றார். டீச்சரே வந்து அவள் கையைப் பிடித்து, "மனைவின்னா இப்படி இருக்கணும்" என்றார். அவள் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நெருப்பை மடியில் வாங்கின மாதிரி இருந்தது.

"விடு, இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கணவர். "எனக்கும் அந்தப் பட்டப்பேரு போச்சு, உனக்கும் ஒண்ணும் இல்ல. கேப்டன்கிட்ட நான் போய்ப் பேசிக்கறேன். நல்ல மனுஷன், புரிஞ்சுக்குவார்."

நல்ல மனுஷன். அந்த வார்த்தையில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன்மேல் இல்லை. தப்பு செய்தவரை ஒருநாளும் சும்மா விடாத அந்தப் பழைய கோபம், இத்தனை வருடம் தப்பான வாசலில் நின்று கத்தியிருக்கிறது. இப்போது சரியான வாசல் தெரிந்துவிட்டது. அங்கே மட்டும் போகாமல் இருப்பாளா?

மறுநாள் ஏழு மணிக்கு டீச்சர் ஆரம்பித்தார். மஞ்சள் படகு, இருக்கோம். சிவப்புப் படகு, இருக்கோம். அடுத்தது வெள்ளைப் படகு. டீச்சர் அதைக் கூப்பிடவே இல்லை. அப்படி ஒரு படகே அங்கே நிற்காதது போலத் தாண்டிப் போனார்.

"பச்சைப் படகு?"

அவள் மைக்கை எடுத்தாள். கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம். நான் சொல்றேன்ல, வேணாம்."

"கைய எடுங்க."

பொத்தானை அழுத்தினாள். முப்பது வருடம் அலுவலகத்தில் பேசிய குரலிலேயே பேசினாள்.

"பச்சைப் படகு. நேத்து நீங்க கேட்டது பாதிதான். அன்னைக்குப் பட்டியல்ல எண்ண மாத்தி அடிச்சது நான். நான் அடிச்சதுன்னு நம்பித்தான் இவர் படக உள்ள விட்டார். எனக்காக இவர் பழியை ஏத்துக்கிட்டார். இவர் கேட்டதால கேப்டன் பக்கத்தக் கிழிச்சார். கேப்டன் நேத்தே இதச் சொல்லியிருக்கலாம், சொல்லல. இனிமே யாரும் இவரத் தரைதட்டின்னு கூப்பிடக்கூடாது. கூப்பிட்டே ஆகணும்னா என்னைக் கூப்பிடுங்க. அவ்வளவுதான்."

கையை எடுத்தாள். வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் வந்தது. 

 கணவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை, இப்போது பார்த்தாள்.

"பதினோரு வருஷம் கட்டிக் காத்தேன்" என்றார். "ஒரே நிமிஷத்துல போட்டு உடைச்சுட்ட. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"என் தப்ப நீங்க எடுத்துக்கிட்டப்போ என்னைக் கேட்டீங்களா?"