கடைசிப் புள்ளியை யாருக்குப் போடுவது?

நேற்று மதியம் துறைமுக கேட்டுக்கு வெளியே, க்யூ நகரவே கூடாது என்று நான்கு டிரெய்லர் டிரைவர்கள் வேண்டிக்கொண்டோம்.

ஆளுக்கொரு சாமியிடம். (எந்தச் சாமியும் நம்பியிருக்காது.)

க்யூ தெரியாதவர்களுக்கு: எண்ணூர் பக்கத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு வந்தால் கடலோரச் சாலையில் வரிசை கட்டி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

அந்த வரிசைக்கு ஒரே சட்டம்தான். முன்னால் ஒரு முழம் இடம் விட்டால் எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் யாரும் யாருக்கும் இடம் விடுவதில்லை. பெற்ற அப்பாவே பக்கத்தில் வந்து நின்றாலும் சரி.

அங்கே காத்துக் கிடந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு போன் கேம் தொற்றிக்கொண்டது.

தண்டையார்பேட்டை காதர் பாயின் கேபினில் நான், ராயபுரம் டேவிட், அத்திப்பட்டு பாபு மூவரும் ஏறிக்கொள்வோம். நாலு பேருக்கும் ஒரே போன், அது பாயுடையது. (எங்கள் போன்களில் குட்மார்னிங் படங்கள் போக மிச்ச இடம் கிடையாது.)

கேமில் நாலு வீரர்கள், எதிரே பூதப்படை. சதுரங்கம் மாதிரி ஒருவர் நகர்ந்த பிறகுதான் அடுத்தவர். நான் கோடாலிக்காரன், டேவிட் வில்லாளி, பாபு ஈட்டிக்காரன், பாய் கேடயக்காரர். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் புள்ளி வரும். அதை வைத்து நம் வீரனுக்கு வேகம், பலம், உயிர் என்று எதையாவது கூட்டிக்கொள்ளலாம்.

நாங்கள் மூவரும் வந்த புள்ளியை எல்லாம் வேகத்தில் கொட்டினோம். வேகம் கூடினால் நம் முறை முதலில் வரும். க்யூவில் காய்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசிக் கட்டத்தில் அதற்குக் கூலி கிடைத்தது. மூவரும் முதல் ஆளாக ஓடி, தனித்தனியாக மாட்டி, தனித்தனியாகச் செத்தோம். பாயின் கேடயக்காரர் ஆடி அசைந்து வந்து சேரும்போது அங்கே காப்பாற்ற ஆளே இருக்காது. எத்தனை தரம் ஆடினாலும் இதே கதை.

பாய்க்குக் குவைத் வேலை உறுதியாகும் வரை அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்று காலை அவருக்கு ஃபிளைட். நேற்று ஏற்றியதுதான் கடைசி லோடு. போன் அவரோடு போகும், மாதக்கணக்கில் நாங்கள் சேர்ந்து ஆடிய ஆட்டமும் போகும். கேட்டுக்குள் நுழைந்தால் ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஆக, எங்கள் முறை வருவதற்குள் கடைசிக் கட்டத்துப் பெரிய பூதத்தை முடித்தாக வேண்டும்.

கையில் ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தது.

"என் வேகத்துல போடு பாய். பூதம் கண்ணத் தொறக்கறதுக்குள்ள குத்திட்றேன்," என்றான் பாபு.

"போன வாட்டியும் இத்தையேதான் சொன்ன. போயி மொத ஆளா செத்த," என்றான் டேவிட். (இவன் இரண்டாவது ஆளாகச் செத்தவன்.)

பாய் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். வேகம், பலம், உயிர் எல்லாம் தாண்டி, கடைசியில் இன்னொரு சக்தி இருந்தது. அதைப் போட்டால், உன் முறையைப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிடலாம். இத்தனை மாதத்தில் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை.

"இன்னா பாய் இது? நம்ம டர்னத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுக்கறதா? இத்த எவன் போடுவான்?" என்றேன்.

"நான் போட்றேன் மாமு. என் ஆளு எப்டியும் லேட்டாத்தான் வந்துகினு கீறான். அவன் டர்னு வேற எவனுக்காவது ஒதவட்டும்."

போட்டும் விட்டார். கூடவே ஒரு உத்தரவு.

"எவனும் முன்னாடி ஓடாதீங்க. என் பக்கத்துலயே நில்லுங்க."

முன்னால் இடம் காலியாகக் கிடக்கும்போது பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று லாரிக்காரனைக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். ஆனால் முதல் தடவையாக நாலு பேரும் உயிரோடு பெரிய பூதத்தின் எதிரில் போய்ச் சேர்ந்தோம். நான் வெட்டினேன், பாபு குத்தினான், டேவிட் அம்பு விட்டான். பூதத்துக்கு உயிர் ஒரு கோடு அளவுக்கு மிச்சம்.

அப்போது பார்த்து க்யூ நகர்ந்தது.

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. பாய் முன்னால் திறந்து கிடந்த சாலையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பூதம் காத்திருக்கும், க்யூ காத்திருக்காது. நாங்கள் குதித்து இறங்கி, பாய்க்குப் பின்னால் வரிசையாக நின்ற அவரவர் வண்டிக்கு ஓடினோம்.

பாய் வண்டியை எடுத்தார். எடுத்தவர் இடது பக்கம் ஒடித்து மணலில் ஒதுக்கி நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்கு முன்னால் ரோடு காலி. சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் ஆக்சிலேட்டருக்குத்தான் போனது. அப்புறம் நானும் இடது பக்கம் ஒடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் டேவிட்டும் பாபுவும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் இருந்த டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா நைனா, பிரேக்டவுனா?"

"இல்ல, நீ போ," என்றேன்.

"முன்னாடி போலீஸ் புடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்லப்பா. போ."

"நெஜமாவே போவட்டுமா?"

மனுஷன் நம்பவே இல்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்.

மறுபடி பாயின் கேபினில் ஏறினோம். கேடயக்காரர் தன் முறையை டேவிட்டுக்குக் கொடுத்தார். டேவிட் இன்னொரு அம்பு விட்டான். பூதம் விழுந்தது.

பாபு ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. பாய் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷன் இனிமேல் க்யூவில் இருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாங்கள் கேட்டுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஓனர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது. (பெண்களும் படிக்கிறீர்கள்.)

இன்று டேவிட் தன் மச்சான் கல்யாண வீடியோவை அழித்துவிட்டு அதே கேமை ஏற்றினான். புது ஆட்டம். நாலு இடத்தில் மூன்றை நிரப்பிவிட்டு, நாலாவதை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எண்ணூர் ரோடு க்யூவில் நிற்கிற நண்பர்கள் யாராவது வருகிறீர்களா? முதல் ஆளாக ஓடுகிறவர்கள் மட்டும் வேண்டாம். அதற்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.